எடைமேடைக்காரரின் வியாழக்கிழமைகள்

என் சகலையைப் பற்றி நல்லபடியாக எழுதுவது எனக்கு அவ்வளவு எளிதான காரியம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டில் என்னை அளக்கிற அளவுகோல் அவர்தான். பெரிய மாப்பிள்ளை சொன்ன நேரத்துக்கு வருவார், பெரிய மாப்பிள்ளை குரலை உயர்த்த மாட்டார், பெரிய மாப்பிள்ளை சட்டையில் மடிப்புக் கலையாது. சின்ன மாப்பிள்ளை என்று ஒருவன் இருப்பது வீட்டில் குழாய் ஒழுகினால்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும். நான் குழாய் சாமான் கடை வைத்திருக்கிறேன். இருந்தாலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

சகலைக்கு வேலை எடைமேடையில். கல்குவாரிக்குப் போகிற சாலை முக்கில், தரையோடு தரையாக நீளமான ஓர் இரும்புப் பலகை; பக்கத்தில் சில படிகள் ஏறினால் ஒரு கண்ணாடி அறை. லாரி காலியாக வந்து பலகைமேல் நிற்கும்; அவர் எடை பார்ப்பார். பிறகு லோடு ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும், மறுபடி பார்ப்பார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. இதில் என்ன பெரிய வித்தை என்று ஒரு தடவை கேட்டுத் தொலைத்தேன். காலி வண்டியை எடை போடும்போது டிரைவர் இறங்கிக்கொண்டு, லோடு வண்டியில் மட்டும் உட்கார்ந்திருந்தால், அவருடைய உடம்பும் ஜல்லிக் கணக்கில் விற்றுப்போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். அதனால் அவர் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் டிரைவர் சீட்டைத்தான் பார்ப்பார். அதே மாதிரி, கம்ப்யூட்டர் கேட்கிற எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். டிரைவர் வாயைத் திறக்காவிட்டால் தனக்குத் தெரிந்ததைப் போட்டாவது நிரப்பிவிடுவார். காலிக் கட்டம் என்றால் அவருக்குச் சட்டைப் பொத்தான் அறுந்த மாதிரி.

அவருடைய மனைவி, என் மனைவிக்கு அக்கா, அவருக்கு நேர்மாறு. இவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவர் பேசுவார். பிறந்ததிலிருந்தே கனத்த உடம்பு. முட்டி தேய்ந்து, சர்க்கரை ஏறி, கட்டிலைவிட்டு எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டும் என்கிற நிலைமை வந்தபோது, இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி, ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போனால் வருகிற ஊரில். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அனுப்பி வைக்கும்போது, இது பாதி வேலைதான், மீதி வீட்டில்தான் நடக்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு தடவையும் ரயில் ஏற வேண்டாம், போனிலேயே கவனித்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு எடை மெஷினும் கொடுத்தனுப்பினார்கள். ஏறி நின்றால் அதுவே போன் வழியாக எடையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். யார் ஏறி நின்றாலும் அனுப்பிவிடும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

போன் நம்பர் கேட்டபோது சகலை தன் நம்பரைக் கொடுத்தார். காஸ் சிலிண்டர், கரண்ட் பில், துணிக்கடை எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் அவர் நம்பர்தான். அக்காவுக்குத் தனியாக போன் கிடையாது. பேச வேண்டும் என்றால் இரண்டு மாடி மேலே இருக்கிற எங்களைக் கீழே நின்றே கூப்பிடுவார். கேட்கும்.

அப்படித்தான் வியாழக்கிழமை தோறும் சகலையின் போனுக்கு ஒரு நர்ஸ் கூப்பிட ஆரம்பித்தார். பேர் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டாராம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது மனசில் நிற்கவில்லை. வியாழக்கிழமை சிஸ்டர் என்றே வழங்கலாயிற்று. முதல் அழைப்பில் அக்காவிடமே போனைக் கொடுத்தார். தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள், ஒரே மடக்கில் குடித்தீர்களா, கொஞ்சம் கொஞ்சமாகவா, வாந்தி உண்டா, வெளியே எப்படிப் போகிறது என்று சிஸ்டர் வரிசையாகக் கேட்டார். அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"முகம் தெரியாத பொண்ணுகிட்ட நான் இதெல்லாம் பேசணுமா? எனக்கு உடம்பு கூசுது. நீங்களே சொல்லிடுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சகலை.

"காலைல எங்கிட்ட கேட்டுக்குங்க. போய் அங்க ஒப்பிச்சிடுங்க."

அன்றிலிருந்து இது அவர் வேலை ஆயிற்று. வியாழக்கிழமை காலையில் சாக்ஸ் மாட்டிக்கொண்டே கேள்வி கேட்பார்; அக்கா பல் தேய்த்துக்கொண்டே பதில் சொல்வார். பத்தரை மணி வாக்கில் கண்ணாடி அறையில் போன் அடிக்கும். பலகைமேல் லாரி நிற்க, ஜன்னல் திறந்திருக்க, அதே ஒரே குரலில் அறிக்கை போகும். "வாந்தி இல்லை. தண்ணி போதுமான அளவு. வெளியே போறது இறுகலா இருக்கு. முடி கொட்டுது." காத்திருக்கிற டிரைவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களே, "அக்காவுக்கு இப்ப இளகலா போகுதா சார்?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அக்கா கூசிய விஷயம் ஒரு மாவட்டத்து லாரிகளுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. இது இன்றுவரை அக்காவுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

சிஸ்டருக்கு அவர்மேல் மதிப்பு கூடிக்கொண்டே போனது. "இவ்வளவு விவரமா யாருமே சொல்றதில்ல சார். உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க" என்றாராம். சகலை இதை எங்களிடம் வந்து சொல்லவில்லை. அவர் லீவில் வீட்டிலிருந்த ஒரு வியாழக்கிழமை அக்காதான் ஸ்பீக்கரில் ஒட்டுக்கேட்டுவிட்டு வந்து என் மனைவியிடம் சொன்னார். என் மனைவி அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை.

அக்கா இளைத்துக்கொண்டு வந்தார். சாப்பாடு ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது. ஆனால் சமைக்கிற கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பழைய பாத்திரம், பழைய அளவு. மிச்சத்தை என்ன செய்வது? கொட்டுவதற்குச் சகலைக்கு மனசு வராது. தன் தட்டை முடித்துவிட்டு அக்காவின் தட்டையும் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். ரசித்துச் சாப்பிடுகிற ஆளும் இல்லை. கடமையாக, ஒரு கட்டத்தை நிரப்புகிற மாதிரி சாப்பிடுவார். அவருக்குப் பழைய பேண்ட் பற்றாமல் போயிற்று. "எங்கக்கா எங்க இளைச்சா, இடம் மாத்தி வெச்சிருக்கா" என்றாள் என் மனைவி.

ஒரு நாள் அவருக்கே சந்தேகம் வந்து மெஷினில் ஏறி நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் வியாழக்கிழமை இல்லை. இருந்தும் சிஸ்டர் பதறிக்கொண்டு கூப்பிட்டார்.

"என்ன சார், ராத்திரியோட ராத்திரியா இவ்வளவு ஏறியிருக்கு?"

"அது நான். பையில சாவிக்கொத்து வேற இருந்தது."

"தயவுசெஞ்சு நீங்க ஏறாதீங்க சார். அவங்க கிராஃப் கெட்டுப்போகுது."

அவர் அதற்கப்புறம் ஏறவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறவர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சகலைக்கு நெஞ்சில் ஏதோ சரியில்லை. இது அவருக்கு மட்டும் தெரியும். இடது தோளில் ஒரு பிடிப்பு. பத்தடி வேகமாக நடந்தால் அது நெஞ்சுக்கு இறங்கி, உட்கார்ந்தால் போய்விடும். வீட்டில் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் அக்கா யார் துணையும் இல்லாமல் எழுந்து குளியலறைக்குப் போய்வர ஆரம்பித்திருந்தார். இதைச் சொன்னால் அந்த நிமிஷமே தன் பத்தியம், நடை, மாத்திரை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு இவர் கட்டிலருகே உட்கார்ந்துவிடுவார். அதனால் சொல்லவில்லை. எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் அவர் கணக்கில் பிழை இருந்ததாகவும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது வார அழைப்பிலேயே சிஸ்டர் தோள் வலி பற்றிக் கேட்டார். அக்காவுக்கு இருந்த வலி போய்விட்டது என்று காலையில்தான் கேட்டு வைத்திருந்தார். ஆனால் தோள்பட்டையைப் பற்றி விவரம் தெரிந்த ஓர் ஆள், தானாகவே, கேட்கிறார்.

"கொஞ்சம் இருக்கு" என்றார்.

"எந்தப் பக்கம் சார்?"

"இடது."

"அது காத்து சார். ஆபரேஷன் நேரத்துல வயித்துக்குள்ள காத்து அடைப்பாங்க. அது மேல ஏறித் தோள்ல உட்கார்ந்துக்கும். நடக்கச் சொல்லுங்க, கலைஞ்சிடும்."

தன் வயிற்றில் யாரும் காற்று அடைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒரு நர்ஸ் வாயால் சொன்னது ஆறுதலாக இருந்தது. நடந்தார். கலையவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான். அதற்குள் காலைக் கேள்விகளில் அக்காவுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. எதைக் கேட்டாலும் "எப்பவும் போலத்தான், விடுங்க" என்றார். தூக்கம் எப்படி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மனசுக்கு எப்படி இருக்கிறது என்று சிஸ்டரின் கேள்விகள் நீண்டுகொண்டே போயின. சகலையிடம் பதில் இல்லை. காலியாக விட அவரால் முடியாது. தன்னுடையதைப் போட்டு நிரப்பினார். பின்னால் இதைப் பற்றிக் கேட்டபோது, "ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஒரே மாடல் வண்டிக்கு ஒரே காலி எடைதான் போடுவோம்" என்று விளக்கம் சொன்னார். அது பொய். அவருக்குக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை ஒரு குரல் வந்து, தூக்கம் வருகிறதா, எதை நினைத்தாவது கவலைப்படுகிறீர்களா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறது. அந்த மனுஷனை அதற்குமுன் யாரும் அப்படிக் கேட்டுக் காத்திருந்ததில்லை. ராத்திரி படுத்தால் நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இருக்கிறது என்றார். பயமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். ஜன்னலை மாத்திரம் சாத்திக்கொண்டு சொன்னார்.

ஆஸ்பத்திரி தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். எடுத்தோம், சரியாக இருந்தது. சத்து மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அக்கா போட்டுக்கொண்டார். சகலைக்கு வலி குறையவில்லை. தூங்கும்போது தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். அக்கா உயர்த்திப் படுத்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். "இந்த ஆஸ்பத்திரிக்கு என்ன கேடு, நல்லா இருக்கறவளுக்கு மருந்தா குடுக்கறான்?" என்று என் மனைவியிடம் புலம்பினார். சகலை பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

எடை ஒழுங்காக இறங்குகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ரத்தம் சுத்தம். ஆனால் நோயாளிக்கு வாரா வாரம் மூச்சு அதிகமாக வாங்குகிறது. சிஸ்டருக்கு இது இடித்திருக்க வேண்டும். பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டார். ஒரு சாயங்காலம், அவசரம், நோயாளியை வீடியோவில் உட்கார வையுங்கள் என்று செய்தி வந்தது. சகலைக்கு வேலையை விட்டு ஓடிவரும்படி ஆயிற்று. எங்கள் வீட்டு வைஃபையை அவர் போனில் போட்டுக் கொடுக்க என்னையும் என் மனைவியையும் கீழே கூப்பிட்டார்கள்.

போனைச் சகலை பிடித்துக்கொண்டார். திரையில் ஒரு பாதியில் டாக்டர், மறுபாதியில் சிஸ்டர். அன்றைக்குத்தான் சிஸ்டர் முகத்தைப் பார்த்தோம். நாங்கள் நினைத்ததைவிட வயதானவர், கண்ணாடி போட்டவர். அக்கா புதிதாகப் பிடித்துத் தைத்த ஜாக்கெட்டில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"நெஞ்சு பாரம் எப்படிம்மா இருக்கு?" என்றார் டாக்டர்.

"யாருக்கு?" என்றார் அக்கா.

"உங்களுக்குத்தான்."

"எனக்கு என்ன பாரம் டாக்டர், பாதி பாரத்தை நீங்கதான் இறக்கி வெச்சிட்டீங்களே."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தன்முன் இருந்த எதையோ பார்த்தார். சில நோயாளிகள் பயத்தில் மறைப்பது உண்டு என்று நினைத்திருப்பார்கள் போல. "கொஞ்சம் படி ஏறிக் காட்டுங்கம்மா" என்றார் டாக்டர். "சார், நீங்க போனைப் பிடிச்சிட்டே கூட வாங்க. மூச்சுச் சத்தம் எனக்குக் கேக்கணும்."

அக்கா ஏறினார். முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் பாதியில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். அன்றைக்குச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், இரண்டு மாடியும் ஏறி எங்கள் வாசலில் போய் நின்று திரும்பிச் சிரித்தார். எங்களுக்கே பெருமையாக இருந்தது. என் மனைவி கை தட்டினாள்.

"ரொம்ப மூச்சு வாங்குதே" என்றார் டாக்டர்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா வாயை மூடிக்கொண்டுதான் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் சத்தம் எங்களுக்கும் கேட்டது, பழைய பம்பு காற்று இழுக்கிற மாதிரி. முதல் மாடித் திருப்பத்தில் சகலை சுவரில் சாய்ந்திருந்தார். போனை மட்டும் ஆடாமல் அக்காவை நோக்கிப் பிடித்திருந்தார்.

டாக்டர் குரல் மாறிவிட்டது. "போனைப் பிடிச்சிருக்கறது யாரு? கேமராவை உங்க பக்கம் திருப்புங்க."

"இது அவளுக்கு ஒதுக்கின நேரம் சார்" என்றார் சகலை.

"திருப்புங்க சார்."

நான்தான் போய் வாங்கித் திருப்பினேன். வெளுத்துப்போய், சட்டை முழுக்க நனைந்து, இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். திரையில் சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். "சார், அந்தத் தோள் வலி" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "அது என்னோடது சிஸ்டர்" என்றார் சகலை. "அப்ப நெஞ்சு பாரம்?" "அதுவும்." "தூக்கம் வரலேன்னு சொன்னது?" "அதுவும்தான். முடி கொட்டினது மட்டும் அவளோடது."

டாக்டர் திட்டவில்லை. ஒரு படிகூட ஏறவோ இறங்கவோ விடாமல் தூக்கிக்கொண்டு உடனே பக்கத்து இருதய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் அவர்களிடம் பேசிவிடுகிறேன் என்றார். சகலை, ஷிப்டு மாற்ற ஆள் வரவில்லை, நாளைக்குக் காலையில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றார். அவர் பேச்சை நான் மதிக்காமல் நடந்துகொண்டது அன்று ஒரு நாள்தான். நாற்காலியில் வைத்து நானும் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனும் தூக்கினோம். நல்ல கனம். காரில் பின்சீட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். இவர் இல்லாவிட்டால் மாமனார் வீட்டில் யாரை வைத்து என்னைத் திட்டுவார்கள் என்று யோசித்தேன். பயத்தில் மனசு இப்படித்தான் எதையாவது உளறும்.

இருதயத்தில் இரண்டு குழாய் அடைத்திருந்தது. அடைப்பு என்றால் எனக்குப் புரியும், என் தொழிலே அதுதான்; ஒன்று கிட்டத்தட்ட முழு அடைப்பு என்று படத்தைக் காட்டியபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீளக் கம்பியை உள்ளே விட்டு, அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரி டாக்டர், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அக்கா அவரோடு பேசவில்லை. வாய் ஓயாத அந்த அக்கா கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நேரம் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். சகலைக்கு அது தாங்கவில்லை. நாடி காட்டுகிற மெஷினைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நான் என்ன செய்ய முடியும்? வார்டுக்கு மாற்றிய அன்று சாயங்காலம் நான் பிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அக்கா பேசிக்கொண்டிருந்தார். சண்டையாக இல்லை, சின்னக் குரலில். விசாரிக்கக் கூப்பிட்ட சிஸ்டர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"பயமா இருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கீங்க. இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு நாள் சொன்னதில்ல."

"அவங்க கேட்டாங்க" என்றார் சகலை.

அக்காவுக்கு அது எங்கே போய்க் குத்தியதோ, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போர்வையின் ஓரத்தைப் பிடித்துச் சரிசெய்தார். சரியாக இருந்ததையே சரிசெய்தார்.

"சரி. இப்ப நான் கேக்கறேன். எப்ப ஆரம்பிச்சுது?"

சகலை அறிக்கை ஒப்பிக்கிற அதே குரலில் சொன்னார். "உனக்கு ஆபரேஷன் அன்னிக்கு. உன்னை ஸ்ட்ரெச்சர்ல உள்ள தள்ளிட்டுப் போயிக் கதவைச் சாத்திட்டாங்க. வராண்டால பெஞ்சுல உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல தோள்ல பிடிச்சுது."

அக்கா அழுதார். முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லலாம்னுதான் எழுந்து வந்தேன்" என்றார் சகலை. "உள்ள விடமாட்டேன்னுட்டாங்க."